அடிமை இல்லை, அக்ரிமெண்ட்தான்

நைனா, மற்றதெல்லாம் எழுதுவதற்கு முன்னால் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உன் காலேஜ் விழாவில் நீ மேடையேறிப் பேசினாயே, அடிமைக்கும் ஒப்பந்தக் கூலிக்கும் என்ன வித்தியாசம் என்று, அன்றைக்கு முன் வரிசையில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருந்த உன் அம்மா நன்றாகத் தூங்கிவிட்டாள். மேலே ஃபேன், எதிரே உன் குரல். சின்ன வயதில் நீ அழுதால் நான் தூங்கமாட்டேன், பெரியவனாகிப் பேசினால் தூங்கிவிடுகிறேன், என்ன செய்வது. கைதட்டல் சத்தத்தில் விழித்தேன். தூங்கியது தெரிந்துவிடுமோ என்று பயந்து எல்லாரும் நிறுத்திய பிறகும் நான் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் இருந்த உன் வாத்தியார், "பேச்சு உங்களை ரொம்ப உலுக்கிடுச்சு போல இருக்கேம்மா" என்றார். "ஆமாங்க சார்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். துடைத்தது தூக்கக் கலக்கம். திரும்பி வரும்போது பஸ்ஸில், "எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டாய். "உங்கப்பா பின்னால உக்காந்திருந்தாரு, பாவம், காதுல சரியா விழலியாம், இன்னொரு தடவ சொல்லு" என்று அவர் தலையில் பழியைப் போட்டேன். நீ வாலாஜாபாத்தில் ஆரம்பித்துக் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொன்னாய். அப்போது தூங்கவில்லை. ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். அதனால்தான் இந்த வம்பே வந்தது.

வெள்ளிக்கிழமையிலிருந்து நீ என்னோடு பேசுவதில்லை. தட்டில் என்ன விழுகிறது என்றுகூடப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறாய். நேற்று உப்பே போடாத கூட்டு வைத்துப் பார்த்தேன், அதையும் ஒன்றும் சொல்லாமல் தின்றாய். நேரில் சொன்னால் போனை எடுத்துக்கொள்வாய், போனில் சொன்னால் வைத்துவிடுவாய். ஆகையால் இதைக் கையால் எழுதிப் போட்டோ பிடித்து நம் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போடப் போகிறேன். உன்னைத் தவிர ஊரில் எல்லாரும் படிப்பார்கள். டீக்கடையில் நாலு பேர் உன்னை நிறுத்திக் கேட்பார்கள். அப்போது நீயும் படித்தாக வேண்டும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக இருந்தால் தெரு பொறுத்துக்கொள்ளட்டும், உனக்குப் பழக்கம்தான்.

தெரியாதவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் மகன் சரித்திரம் படித்தவன். எம்.ஏ. முடித்து வேலைக்கு அலைந்து, இப்போது ஒரு கோச்சிங் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. கேமரா முன்னால் நின்று பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லித்தர வேண்டும். நல்ல சம்பளம். பெங்களூரில் வேலை. ஆனால் மூன்று வருஷம் வேலையை விடமாட்டேன் என்று பத்திரத்தில் எழுதித்தர வேண்டும். படித்த சர்ட்டிபிகேட்டெல்லாம் ஒரிஜினலாக அவர்களிடம் இருக்கும். நடுவில் விட்டால் பெரிய தொகை கட்ட வேண்டும். பெற்றவர்களிலோ நெருங்கின சொந்தத்திலோ ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காகத்தான் வெள்ளிக்கிழமை என்னைப் பைக்கில் உட்காரவைத்துப் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிற அவர்கள் மாடி ஆபீசுக்குக் கூட்டிப்போனாய். போகிற வழியெல்லாம், "உள்ள வந்து எதுவும் பேசாதம்மா, காட்ற எடத்துல போட்டா போதும்" என்றாய். நான் எங்கேயாவது அப்படி இருந்திருக்கிறேனா, நீயே சொல்.

டை கட்டின ஒரு தம்பி உட்கார்ந்திருந்தார். நல்ல பிள்ளை, எனக்குக் காபி கொடுத்தார். பத்திரத்தைப் படித்துக்காட்டச் சொன்னேன். நீ வேகவேகமாகப் படித்தாய். ஒரு இடத்தில் இன்னும் வேகமாகப் படித்தாய். உன்னை எனக்குத் தெரியாதா, ஸ்கூலில் மார்க் குறைந்த பாடத்தை நீ இப்படித்தான் வாசிப்பாய். "அத மறுபடி படி" என்றேன். மூன்று வருஷம் முடிவதற்குள் கம்பெனி விரும்பினால், அதே பத்திரம் இன்னும் இரண்டு வருஷத்துக்குத் தானாக நீளும் என்று இருந்தது. அந்த வரிக்குக் கீழே பென்சிலால் யாரோ கோடு போட்டு ரப்பரால் அழித்திருந்தார்கள். யாரோ என்ன யாரோ, நீதான். உனக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்து, பார்த்து, கோடு போட்டு, அப்புறம் எதற்கு வம்பு என்று அழித்துவிட்டாய். படித்த பிள்ளைக்குப் பாடம் சொல்ல நான் வரவில்லை. நீ அழித்த கோட்டை மறுபடி போட மட்டும்தான் வருகிறேன்.

நான் பேனாவைக் கீழே வைத்ததும் அந்தத் தம்பி சிரித்தார். "அம்மா, பயப்படாதீங்க. இது ஒண்ணும் அடிமை சாசனம் இல்ல. அக்ரிமெண்ட்தான்."

"அதான் தம்பி எனக்குப் பயமா இருக்குது. அடிமை வேற, அக்ரிமெண்டு வேறன்னு என் புள்ள மேடையிலயே பேசியிருக்கான். நான் போயிருந்தேன், தூங்கிட்டேன்."

"அம்மா" என்று நீ பல்லைக் கடித்தாய்.

"எல்லாரும் போடுறதுதானேம்மா" என்றார் அவர்.

"எல்லாரும் போடட்டும் தம்பி. நான் ஏற்கெனவே ஒரு தடவ போட்டுட்டேன். எனக்குப் போதும்." எழுந்து வந்துவிட்டேன். நீ கீழே வந்து என்னைப் பார்க்காமல் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாய். அன்றைக்கு ராத்திரி ஒரே ஒரு வாக்கியம் பேசினாய். "எனக்கு முப்பது வயசு ஆவப்போவுதும்மா, இன்னும் உன் கையெழுத்துக்கு நான் கெஞ்சிக்கினு இருக்கேன்." மாதக் கடைசி வரைக்கும் யோசித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார்களாம். நான் போடாததில் உன் அப்பா போடமாட்டார், ஆனால் என் தம்பி, உன் மாமன், நான் போடுகிறேன் ஜாமீன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறான் என்பதும் தெரியும். போட்டுக்கொள். நான் குறுக்கே படுக்கமாட்டேன். ஆனால் நான் ஏன் போடவில்லை என்பதைக் கேட்டுவிட்டுப் போ.

நீ பஸ்ஸில் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன், தப்பாக இருந்தால் திருத்து. அடிமை என்றால் ஆளையே விலைக்கு வாங்குவது. அவனுக்குப் பிறக்கிற பிள்ளையும் அடிமை. கூலி கிடையாது, கெடு கிடையாது. ஒப்பந்தக் கூலி அப்படி இல்லை. கைநாட்டு உண்டு, இத்தனை வருஷம் என்று கெடு உண்டு, கூலி உண்டு, முடிந்தால் திரும்பி வரலாம் என்று எழுத்தில் உண்டு. அடிமை வியாபாரத்தைச் சட்டம் போட்டு நிறுத்தின பிறகு, கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று நம் பக்கத்து ஜனங்களை மெட்ராஸில் கப்பல் ஏற்றினார்கள். போன இடத்தில் வேலைக்கு வராவிட்டால் ஜெயில். அனுமதி இல்லாமல் தோட்டத்தைத் தாண்டினால் ஜெயில். கெடு முடிகிற நேரத்தில் இன்னொரு கைநாட்டு. "ரெண்டும் ஒண்ணுதானேடா அப்ப?" என்று பின் சீட்டிலிருந்து உன் அப்பா கேட்டார். நீ கோபித்துக்கொண்டாய். "ஒண்ணு இல்லப்பா. ஒண்ணுன்னு சொன்னா அடிமையா செத்தவன் பட்டது கொறஞ்சுபோயிடும். வேற வேறன்னு சொல்லி விட்டுட்டா, ஒப்பந்தம் போட்டவன் தப்பிச்சுக்குவான்." அந்த இடத்தில் எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. காலேஜிலேயே தட்டித் தீர்த்துவிட்டேன், கையில் பலம் இல்லை.

எனக்கு இரண்டும் சொந்தம், நைனா. என் அப்பாவைப் பெற்றவர் தாமல் கிராமத்தில் ஒரு பெரிய வீட்டுக்குப் படியாள். ஏரிப் பாசன நிலம், அவர் உழுதது எல்லாம், ஒரு பிடி மண் அவருடையது இல்லை. அவர் எந்தக் காகிதத்திலும் கைநாட்டு வைக்கவில்லை. அவர் அப்பா அங்கே வேலை செய்தார், அதனால் அவரும். என்றைக்கு முடியும் என்று அவர் யாரையும் கேட்டதில்லை, முடிகிற விஷயமாக அது அவருக்குத் தெரிந்திருந்தால்தானே. அது ஒரு வகை. நானும் உன் அப்பாவும் போட்டது இன்னொரு வகை.

கல்யாணச் செலவுக்கு உன் அப்பா ஒரு தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கினார். அது தீரும்வரை அந்த முதலாளி தறியில்தான் நெய்வோம் என்று ஒரு காகிதத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். தறிக் கொட்டகைக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு அறை. கரையும் உடலும் வேறு வேறு நிறமாகக் கோக்கிற கோர்வைப் புடவைக்கு இரண்டு ஆள் வேண்டும், உன் அப்பா நடுவில் உட்கார்ந்து நெய்வார், நான் ஓரத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓட்டுகிற நாடாக் கட்டையைத் தள்ளுவேன். புதுப் பொண்டாட்டி புருஷன் பக்கத்தில் பக்கத்தில் வேலை என்று தெருவில் கேலி பண்ணுவார்கள். பக்கத்தில்தான், ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் இழை அறுந்துவிடும். அதனால் அந்தக் காலத்து உன் அப்பாவை எனக்கு ஒரு பக்கக் காதாகத்தான் தெரியும்.

ஒருநாள் அந்த முதலாளிக்கு ஏதோ நெருக்கடி. இன்னொரு முதலாளி வந்தார். எங்கள் முன்பணத்தில் மீதி எவ்வளவோ அதைப் புதியவர் பழையவர் கையில் கொடுத்தார். சட்டிப்பானையைத் தூக்கிக்கொண்டு புதியவர் பின்னால் நடந்தோம். விற்றார் என்று யாரும் சொல்லவில்லை. "ஆள் மாறியிருக்காங்க" என்றார்கள். தெருவில் இது சாதாரணம், தினம் யாராவது மாறுவார்கள். புது முதலாளியின் சம்சாரம் என் விரல்களைக் கத்திரிக்காய் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்றைக்கு உன் அப்பா, "நாம என்ன ஆடா மாடா?" என்று முணுமுணுத்தார். "மாடுன்னா பழைய கயிற அவுத்துக்கினு புதுக் கயிறு போட்டு ஓட்டிக்கினு வருவாங்க. நமக்கு அந்தக் கயிறு செலவுகூட இல்ல" என்றேன். சிரித்தார். சிரித்துவிட்டு அழுதார். உன் அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, அதனால் அந்தக் கேலியை மட்டும் அப்புறம் நான் செய்வதில்லை.

அடுத்ததுதான் முக்கியம், கவனமாகப் படி. அந்தத் தறியில் ராப்பகலாக நெய்து முன்பணத்தைத் தீர்த்தோம். முதலாளியே வாய்விட்டுச் சொன்னார், "உங்க கணக்கு தீந்துடுச்சுப்பா" என்று. ஆனாலும் போக முடியவில்லை. ஏன் தெரியுமா? நீ பிறந்ததிலிருந்து பார்க்கிறாய், தறியில் நீளவாக்கில் ஏற்றின நூல், அந்தப் பாவு, முடியும்போது நாம் அதை முழுசாக நெய்து தீர்ப்பதில்லை. ஒரு முழம் விட்டுவிடுவோம். அந்த நுனி அச்சுக்குள்ளேயே, சீப்புப் பல்லுக்குள் முடி நிற்கிற மாதிரி நிற்கும். பாவு பிணைக்கிறவர் வந்து, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பழைய நுனியோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கி ஒட்டுவார். இல்லாவிட்டால் ஒவ்வொரு இழையையும் விழுதுக் கண்ணிலும் அச்சுப் பல்லிலும் புதிதாகக் கோக்க வேண்டும், நாள்கணக்கில் வேலை. எல்லாத் தறியிலும் இப்படித்தான், நம் தறியிலும் இப்படித்தான். இதில் சூழ்ச்சி ஒன்றும் இல்லை. ஆனால் அந்த முதலாளி அதைச் சூழ்ச்சியாக்கினார். புடவை இறங்கிய மறு நிமிஷம் பிணைக்கிறவரை அனுப்பிவிடுவார். நாங்கள் போகிறோம் என்று சொல்ல வாயெடுத்தால், "பாவு ஏறிடுச்சேப்பா. நடுவுல விட்டா என் பட்டுக்கு யார் பதில் சொல்றது?" என்பார். பட்டு வீணானால் அது புதுக் கடன். அந்தப் பாவு முடியும்போது அடுத்த பாவு. எப்போது பார்த்தாலும் நாங்கள் நடுவிலேயே இருந்தோம். எழுத்தில் எங்களுக்குக் கெடு முடிந்துவிட்டது, தறியில் முடியவே இல்லை.

நீ அப்போது என் வயிற்றில் ஏழு மாதம். குனிந்து நாடா தள்ளினால் உள்ளேயிருந்து உதைப்பாய். அந்த உதையை வைத்துத்தான் யோசித்தேன். தாமலில் இருந்தவருக்கு அவர் அப்பா செய்தார் என்பதே காரணம். இவன் வெளியே வந்து இந்தக் கொட்டகையில் தவழ்ந்தால் இவனுக்கும் அதே காரணம் ஆகிவிடும். அப்புறம் எதற்கு முன்பணம், எதற்குக் காகிதம்.

பங்குனி உத்திரத்தில் தேர் வந்தது. பாவு பிணைக்கிறவர் சாமி பார்க்கப் போய்விட்டார், மதியத்துக்கு மேல்தான் வருவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். கொட்டகையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். கடைசிப் புடவை இறங்கியது. உன் அப்பா அறுத்து மடித்து வைத்தார். தறியில் நுனி மட்டும் நின்றது. "ஏங்க, இத உருவிடட்டுமா?" என்றேன்.

"உருவிட்டா திரும்பக் கோக்கணும்டி."

"யாரு கோக்கப் போறாங்க? நாமளா?"

அவர் என்னைப் பார்த்தார். ஒரு பக்கக் காது இல்லை, முழு முகம். அப்புறம் எழுந்து போய்க் கதவோரம் நின்றுகொண்டார். கைப்பிடி கைப்பிடியாக இழுத்தேன். பழைய இழை, வழுக்கிக்கொண்டு வந்தது. கோத்தவர் எத்தனை நாள் கண்ணைக் கெடுத்துக்கொண்டாரோ, உருவ ஒரு உலை கொதிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அச்சு வெறுமையாக நின்றது. பல் பல்லாக வெளிச்சம் தெரிந்தது. அந்தப் பக்கம் சுவர் இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

முதலாளி வந்தார். தறியைப் பார்த்தார், தரையில் சுருட்டி வைத்த நுனியைப் பார்த்தார். "என்னம்மா பண்ணி வெச்சிருக்க?"

"பாவு முடிஞ்சுபோச்சுங்க. புடவை இதோ, நுனி இதோ. உங்க பட்டுல ஒரு இழை பாழாவல. கணக்கு தீந்துடுச்சுன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க."

"தறியில நூலு இல்லாம எப்படிம்மா ஓடும்?"

"அது உங்க தறிங்க. நீங்கதான் கேக்கணும் அத."

இந்தத் தெருவில் ஒருத்தனும் உங்களுக்குத் தறி தரமாட்டான் என்றார். உண்மைதான், ஒருத்தரும் தரவில்லை. உன் அப்பா ஓரிக்கையில் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனார். பட்டு தொட்ட விரலில் சிமெண்டு கடித்தது. நீ பிறந்தபோது உனக்குப் போர்த்தத் துணி என் பழைய புடவைதான். அப்புறம் நெசவாளர் சங்கத்தில் சேர்ந்து சொந்தத் தறி போட்டோம், அதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை. கொத்தடிமைக்கு எதிராகச் சட்டம் ஒன்று அப்போதே இருந்தது என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. சட்டமும் தேர் பார்க்கப் போயிருந்ததோ என்னவோ.

ஆக, அடிமைக்கும் ஒப்பந்தத்துக்கும் வித்தியாசம் உண்டு என்று நீ மேடையில் சொன்னது சத்தியம். தாமலில் இருந்தவருக்கு உருவ ஒரு நுனி கிடையாது. எனக்கு இருந்தது. அடிமையாக இருந்தவர்களும் எதிர்த்து நின்றார்கள், ஓடினார்கள், செத்தார்கள் என்று சொன்னாய். அவர்கள் நுனி இல்லாத இடத்தில் நின்று அறுத்தவர்கள், அவர்கள் முன்னால் நான் செய்தது ஒன்றுமே இல்லை. அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம். கெடு என்ற ஒன்றுதான் ஒப்பந்தக்காரனுக்கு மிச்சம். அதையும் 'கம்பெனி விரும்பினால் நீளும்' என்று ஒரு வரியில் எடுத்துக்கொண்டு, அடிமை இல்லையே, அக்ரிமெண்ட்தானே என்று காபி கொடுக்கிறார்கள். அடிமையாக இருந்தவர்கள் பட்ட பாட்டை அளவுகோலாக வைத்தால் எந்தப் பத்திரமும் நல்ல பத்திரமாகத்தான் தெரியும். அந்த வித்தியாசத்தைச் சொல்ல உனக்கு உரிமை உண்டு, தாமலில் உழுதவருக்கு உண்டு, எனக்கு உண்டு. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர் வாயிலிருந்து நான் கேட்கமாட்டேன்.

உன்னைக் கரும்புத் தோட்டத்துக்கு அனுப்புகிறார்கள் என்று நான் ஒப்பாரி வைக்கவில்லை. ஏ.சி. அறையில் பவுடர் போட்டுக்கொண்டு நிற்கிற வேலை, எனக்குத் தெரியும். அந்த மீசையை மட்டும் கொஞ்சம் கத்தரித்துக்கொள், பிள்ளைகள் பயந்து பாடத்தைவிட்டு ஓடிவிடும். வேலைக்குப் போ. மூன்று வருஷம் நில், சொன்ன சொல்லுக்கு நிற்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, தறியில் ஏற்றின பாவை நான் ஒருநாளும் நடுவில் விட்டதில்லை. அந்த நீளுகிற வரியை எடுக்கச் சொல். சர்ட்டிபிகேட்டுக்கு ஜெராக்ஸ் கொடு, ஒரிஜினல் நம் பீரோவில் இருக்கட்டும். இரண்டையும் செய்தால் ஜாமீன் கையெழுத்து என்ன, நெற்றியில் பச்சையே குத்திக்கொள்கிறேன். செய்யாவிட்டால் என் பெயர் அந்தப் பத்திரத்தில் இருக்காது. நீ என்னோடு வருஷம் முழுக்கப் பேசாவிட்டாலும் இருக்காது. அவர்கள் மாட்டேன் என்றால் வேலை போய்விடுமே என்று நீ பயப்படுகிறாய். போகலாம். ஒரு வருஷம் சிமெண்டு கடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் ஆகாது. தட்டு முன்னால் உட்கார்ந்து முறைக்கிற மீசைக்காரன், நீதான் அதற்குச் சாட்சி.

கெஞ்சுகிறேன் என்றாயே. என்னிடம் கெஞ்சியது போதும். அதே குரலைக் கொஞ்சம் உயர்த்தி அந்த மாடியில் கேட்டுப் பார்.

எப்படியும் மாதக் கடைசிக்குள் நீ அந்த ஆபீசுக்கு ஒருமுறை போகத்தான் வேண்டும், சரி என்று சொல்லவோ மாட்டேன் என்று சொல்லவோ. போகும்போது கதவுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பை மாட்டியிருக்கிறேன், அதையும் எடுத்துக்கொண்டு போ. வெள்ளிக்கிழமை அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தானே உள்ளே போனோம். நான் தலை நிமிர்ந்து வெளியே வந்தேன், கீழே பார்க்கவில்லை. மூங்கில் மண்டபம் வரைக்கும் நடந்த பிறகுதான் ஏதோ தளர்வாக இருக்கிறதே என்று பார்த்தேன். ஆண்பிள்ளைச் செருப்பு, கறுப்புத் தோல், புதுசு. அந்தத் தம்பியுடையதாகத்தான் இருக்க வேண்டும். துடைத்து வைத்திருக்கிறேன். என்னுடையது நீல ரப்பர், வலது கால் வாரில் ஊக்கு குத்தியிருக்கும். அவர் அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் ஊக்கைக் கழற்றாமல் திருப்பித் தரச் சொல்.